வேலூருக்குள் வீடு மாற்ற ஒரு குட்டி யானை: வாடகைக்காரியின் மதிப்புரை

வேலூரில் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு வீடு மாற்ற யாரைக் கூப்பிடலாம் என்று கேட்பவர்களுக்கு நான் கை காட்டுவது ஒரே ஆளைத்தான். சொந்தமாக ஒரு குட்டி யானை, அதாவது சின்ன லோடு வண்டி, வைத்திருக்கும் அண்ணன், கூட இரண்டு பையன்கள். கம்பெனிப் பெயர் இல்லை, ரசீது இல்லை, அட்டைப்பெட்டி கொண்டுவந்து சுற்றிக் கட்டித் தரும் வழக்கமும் இல்லை. வண்டியின் பின்பலகையில் "அம்மன் துணை" என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான் விளம்பரம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நாங்கள் மாறிய எல்லா வீட்டுக்கும் சாமான் ஏற்றி இறக்கியது அவர்தான். அதனால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நாங்கள் குடியிருந்த ஏரியாக்களும் கூடவே வந்துவிடும். எந்தச் சந்தில் வண்டி நுழையும், எதில் நுழையாது என்பதை வைத்தே வேலூரில் பாதி ஏரியாவைச் சொல்லிவிடலாம்.

முதலில் காசு. கடைசியாக மாறினபோது ஒரு லோடுக்குப் பையன்கள் கூலியோடு 3,000 ரூபாய் வாங்கினார். முதல் மாடி வரை இதிலேயே அடக்கம். அதற்கு மேல் ஒவ்வொரு மாடிக்கும் 300 கூட. பீரோவும் கல் கிரைண்டரும் மாடி ஏறினால் அதற்குத் தனிப் பேச்சு. வெளியூரிலிருந்து ஆள் அனுப்புகிறோம் என்று போனில் பேசிய ஒரு கம்பெனி கிட்டத்தட்ட மூன்று மடங்கு சொன்னது. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் அப்போது இவர் மண்டித் தெருவில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருப்பார். ஆவணியும் தையும் பிறந்துவிட்டால் ஆளைப் பிடிப்பது கஷ்டம். செவ்வாய்க்கிழமை மாறத் தயார் என்றால் 500 குறைப்பார். வீட்டுக்காரர்கள்தான் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இவரிடம் எனக்குப் பிடித்தது, மாறுவதற்கு முதல் நாள் சாயங்காலம் டி.வி.எஸ். 50-இல் வந்து புது வீட்டைப் பார்த்துவிட்டுப் போவது. படிக்கட்டு திரும்பும் இடத்தில் இரண்டு கையையும் விரித்து அளப்பார். பீரோ போகுமா போகாதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் யாரும் கேட்காமலே குழாயைத் திறந்து பார்ப்பார், சம்ப் மூடியைத் தூக்குவார், மொட்டை மாடிக்குப் போய்விட்டு வருவார். இறங்கி வந்து ஒரு வரி சொல்வார். புரோக்கர் ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்டும் சொல்லாத விஷயம் அந்த ஒரு வரியில் இருக்கும். நாங்கள்தான் அட்வான்ஸ் கொடுத்தபிறகு அவரைக் கூப்பிடுகிற ஆட்கள்.

முதல் வீடு தோட்டப்பாளையத்தில். நான் வேலை பார்த்த லேப் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், நடந்தே போய்விடலாம். எங்க வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை, பஸ் பிடிக்கவும் வசதி. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி இன்றைக்கு எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள ஆஸ்பத்திரிக்குள் போக வேண்டியதில்லை, காந்தி ரோட்டில் நடந்தால் போதும். லாட்ஜ் போர்டும் மெஸ் போர்டும் வங்காள எழுத்தில் இருக்கும். மளிகைக் கடையில் கடுகெண்ணெய் முன்வரிசையில் இருக்கும். கொல்கத்தா, ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, எல்லை தாண்டி வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் கையில் ஃபைலோடும் எக்ஸ்ரே கவரோடும் நடந்துகொண்டே இருப்பார்கள். தமிழ் தெரியாத பாட்டிகள் எங்கள் வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுப் போவார்கள். "ஜல்" என்றால் தண்ணீர் என்று அங்கேதான் பழகினேன்.

அந்தச் சந்தில் குட்டி யானை நுழையாது. மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டுச் சாமானைத் தலையில்தான் தூக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் நிற்க இடம் கிடைக்காது என்று விடிகாலை ஐந்துக்கு வருவதாகச் சொன்னார். வந்தது ஆறரைக்கு. பையன்கள் ஆளுக்கு ஒரு பக்கமாகக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓட, இவர் மொட்டை மாடியைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்:

"இன்னாம்மா, ஒரு குடும்பத்துக்கு மேல மாடில எதுக்கு இத்தினி பாத்ரூம் கட்டிக்கினு கீறாங்க?"

அப்போது எனக்கு அது வெறும் பேச்சாகத்தான் பட்டது. கொஞ்ச காலம் கழித்து வீட்டுக்காரர் வந்து, பையனுக்குக் கல்யாணம் பண்ணப் போகிறோம், காலி பண்ணிக் கொடுங்கள் என்றார். நாங்கள் காலி பண்ணிய அடுத்த மாதமே ஹாலுக்கு நடுவில் பிளைவுட் தடுப்பு வந்தது, கதவுக்குக் கதவு நம்பர் ஒட்டினார்கள். மாதம் முழுக்க நாங்கள் தந்த வாடகையை நோயாளிகளோடு வரும் குடும்பங்களிடம் சில நாளிலேயே எடுத்துவிடலாம். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. வருகிறவர்களுக்கும் பொங்கித் தின்ன ஒரு அடுப்பும் படுக்க ஓர் இடமும் வேண்டுமே.

அடுத்தது சைதாப்பேட்டை, மலையடி. வாடகை குறைவு என்ற ஒரே காரணம். இங்கே அண்ணன் முதல் நாளே முகத்தைச் சுளித்தார். "வண்டி ஏறும், திரும்பாது" என்றார். அதேபோல்தான் ஆயிற்று. இறக்கி முடித்த பிறகு தெரு முழுவதையும் ரிவர்ஸிலேயே இறங்கினார். ஒரு பையன் பின்னால் நடந்துகொண்டே, வீட்டு வாசலில் நிற்கும் தண்ணீர்க் குடங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தான். ஒரு குடமும் கவிழவில்லை. பணம் கொடுத்துப் பார்க்கலாம், அப்படி ஒரு டிரைவிங்.

வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்கள் டிவியில்தான் பார்த்திருப்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டிய ஊர்ப் பட்டியலில் எங்கள் பெயர் இல்லாமல் இருக்காது. ஆனால் அந்த அளவு பகலுக்குத்தான். மலையடியில் குடியிருப்பவர்களுக்கு இரவு என்று ஒரு தனிக் கணக்கு உண்டு. பகலெல்லாம் பாறை குடித்த வெயிலை இரவு பதினொரு மணிக்கு மேல் திருப்பிக் கொடுக்கும். சுவரில் முதுகு சாய்க்க முடியாது. மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுத்தால், ஊற்றின தண்ணீர் காய்ந்த பிறகு பழையபடி சூடு. "ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை" என்று எங்கள் ஊரைக் கிண்டல் பண்ணுவார்கள் இல்லையா, அதில் கடைசி இரண்டையும் அனுபவிக்க அந்தத் தெருவில் ஒரு சித்திரை மாதம் இருந்தால் போதும்.

ஆனாலும், இதுவரை இருந்ததில் அக்கம்பக்கம் என்றால் அந்தத் தெருதான். எதிர்வீட்டு பாய் குடும்பம், வீட்டுக்குள் உருது பேசுவார்கள், எங்களிடம் சுத்தமான வேலூர்த் தமிழ். ரம்ஜான் மாதம் முழுக்க சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு தூக்கில் நோன்புக்கஞ்சி வந்துவிடும். காலித் தூக்கைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று என் மாமியார் சொல்லியனுப்பியதில், நான் பதிலுக்கு ஏதாவது பண்ணிப் பண்ணியே சமையல் கற்றுக்கொண்டேன். மாடியிலிருந்து பார்த்தால் கோட்டை மதில், ஜலகண்டேஸ்வரர் கோபுரம், அதற்கும் அப்பால் பாலாற்று மணல் என்று ஊரே விரித்து வைத்த மாதிரி தெரியும். வாடகை வீட்டுக்கு இப்படி ஒரு மாடி கிடைப்பது பெரிய விஷயம்.

2021 நவம்பர் மழை அதைக் கெடுத்தது. பாலாற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போனதை ஊரே பாலத்தில் நின்று பார்த்தது. தண்ணி இல்லாத ஆறு என்ற கிண்டல் அந்த வாரம் செல்லவில்லை. அதே மழையில் காகிதப்பட்டறையில் பாறை உருண்டு ஒரு வீட்டின் மேல் விழுந்தது. அதுவும் இப்படி ஒரு மலையடித் தெருதான். போளூரிலிருந்து என் அம்மா தினமும் ராத்திரி போன் பண்ணி, "மலைக்கு எத்தனை அடி தள்ளிப் படுத்திருக்கீங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். தை பிறந்ததும் கிளம்பிவிட்டோம்.

சத்துவாச்சாரிக்கு மாறப் போகிறோம் என்றதும் எனக்கு மனசில்லை. ஊருக்கு வெளியே போகிற மாதிரி இருந்தது. 2011-இல் மாநகராட்சியோடு சேரும் வரைக்கும் அது தனி நகராட்சியாகத்தானே இருந்தது. அண்ணன் கயிறு கட்டிக்கொண்டே சொன்னார்:

"சாமியே ரொம்ப வருசம் சத்துவாச்சாரில குடியிருந்துட்டுத்தான் கோட்டைக்குள்ள போச்சு. நீ போனா இன்னாம்மா?"

அவர் சொன்னது சரிதான். கோட்டைக் கோயிலில் மூலவர் இல்லாமல் கிடந்த காலத்தில் லிங்கம் சத்துவாச்சாரியில்தான் இருந்தது. 1981 மார்ச்சில்தான் ஜலகண்டேஸ்வரர் மறுபடி கோட்டைக்குள் வந்தார்.

சத்துவாச்சாரியைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை, அதுவே அதன் நல்ல குணம். ஹவுசிங் போர்டு காலத்தில் போட்ட நேர்த்தெரு, ஃபேஸ் ஒன்று ஃபேஸ் இரண்டு என்று சொன்னால் ஆட்டோக்காரர் கேள்வி கேட்காமல் வருவார். வண்டி வாசலுக்கே வந்தது, ஒரு மணி நேரத்தில் இறக்கி முடித்தார்கள். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில், சென்னை-பெங்களூரு ஹைவேயில் ஏறினால் எங்க வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டை சீக்கிரம் வந்துவிடும். ஹைவேயைக் கடந்து அந்தப் பக்கம் போவதுதான் உயிரைக் கையில் பிடிக்கும் வேலை.

இங்கேதான் அண்ணன் எங்கள் பீரோ கண்ணாடியை உடைத்தார். கம்பளி சுற்றுங்கள் என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை, இறக்கும்போது வாசல் கேட் கம்பியில் இடித்தது. மன்னிப்பு கேட்கிற ஆள் இல்லை. "கண்ணாடி போனா கண்ணேறு போச்சுன்னு நெனச்சிக்கோம்மா" என்றார். ஆனால் கேட்காமலே 500 குறைத்துக்கொண்டார். புதுக் கண்ணாடிக்கு 900 ஆயிற்று. மீதியைக் கண்ணேறு கணக்கில் எழுதிக்கொண்டேன்.

கரண்ட் விஷயத்தில் ஒரு பழக்கத்தை அவரிடம் கற்றது அந்த வீட்டில்தான். உள்ளே நுழைந்ததும் பால் காய்ச்சுவதற்கு முன்பே மீட்டர் பாக்ஸை போனில் படம் எடுக்கச் சொன்னார். காலி பண்ணும்போதும் அதேபோல் ஒரு படம். மேலே வீட்டுக்காரர், கீழே வாடகைக்கு நாம், நடுவில் ஒரு சப் மீட்டர் என்று இருந்தால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் வைத்ததுதான் சட்டம். அரசாங்கம் தரும் இலவச யூனிட் நம் கணக்குக்கு வந்து சேராது. சட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று இருக்கிறது. நான் இதைச் சொன்ன இடத்திலெல்லாம் வீட்டுக்காரர்கள் என்னை வக்கீல் என்று நினைத்து வீடு இல்லை என்றுவிட்டார்கள்.

பிறகு என் வேலை காட்பாடிக்கு மாறியதால் காந்தி நகர். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டுகிறோம் என்று அண்ணன் 400 கூட்டிக் கேட்டார். "காட்பாடியும் கார்ப்பரேஷன்தானே அண்ணா, மொத மண்டலமே அதுதான்" என்றேன். "கார்ப்பரேஷன் டீசல் போடுமா?" என்றார். கொடுத்துவிட்டேன். அகலமான தெரு, மரம், பக்கத்தில் ஜங்ஷன், கடையில் பாதிப் பேச்சு தெலுங்கு, சித்தூர் அவ்வளவு பக்கம். 1984-இல் ஓர் இன்ஜினியரிங் காலேஜாகத் தொடங்கிய வி.ஐ.டி.யால் சுற்றியிருக்கிற தெருக்களில் எந்த வீட்டையும் தலைக்கு இவ்வளவு என்று பையன்களுக்கு விட முடியும் என்பது வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. முன்னறையில் நாலு பேர், உள்ளறையில் நாலு பேர் என்று எங்கள் வீட்டு ஓனரும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார். இந்த முறை கல்யாணக் காரணம்கூடச் சொல்லவில்லை.

சாமான் ஏற்றும்போது நான் கொஞ்சம் நொந்து பேசினேன். அண்ணன் டாப் மேல் நின்று கயிறை இழுத்தபடி சொன்னார்: "அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி, இந்தப் பக்கம் காலேஜு. ரெண்டும் நடுவுல நம்மள உருட்டிக்கினே கீது. நீங்க உருண்டாத்தான் எனக்குச் சோறு." வேலூர் வாடகையைப் பற்றி இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டாலும் ஊருக்கு வேலை கிடைக்கிறது, என் சம்பளமே அதில் ஒன்றிலிருந்து ஒட்டிக்கொண்டு வருவதுதான். அதே இரண்டும்தான் எங்களைச் சந்து சந்தாக வெளியே தள்ளுகின்றன.

இப்போது ஓட்டேரிப் பக்கம், பாகாயம் போகிற வழி. காட்பாடியில் ஏறினால் 1, 2 நம்பர் டவுன் பஸ் ஊரையே குறுக்காக வெட்டிக்கொண்டு பாகாயத்தில் கொண்டுவந்து விடுகிறது. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் ஆற்றைத் தாண்டி வேலைக்குப் போய்வர எனக்குச் செலவே இல்லை. எங்க வீட்டுக்காரருக்குத்தான் ராணிப்பேட்டை தூரமாகிவிட்டது, தினமும் ஒரு புலம்பல் உண்டு. சி.எம்.சி.யின் மருத்துவக் கல்லூரி வளாகத்து மரங்களாலோ என்னவோ சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இங்கே காற்று வேறு மாதிரி இருக்கிறது. டோல்கேட் உழவர் சந்தைக்கு இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வரும்போது வாங்கிவிட வேண்டும். காம்பில் முள் குத்தும், ஆனால் எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு அதற்கு நிகர் இல்லை. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கடைக்காரர்கள் அதைச் சொல்லியே கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏற்றுகிறார்கள். அண்ணன் இந்த வீட்டுச் சம்ப் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடினார். அவரிடமிருந்து அது பாராட்டு.

குறைகளையும் எழுத வேண்டும். சொன்ன நேரத்துக்கு வரவே மாட்டார். ராகு காலம் பார்த்துப் பால் காய்ச்சுகிறவர்கள் அவரிடம் ஒரு மணி நேரம் முன்னதாகவே நேரம் சொல்லிவிடுங்கள். பாத்திரத்தை நீங்கள்தான் மூட்டை கட்ட வேண்டும். கண்ணாடிச் சாமானைப் பழைய புடவையில் சுற்றி உங்கள் மடியிலேயே வைத்துக்கொள்வது உத்தமம். தொட்டிச் செடியை ஏற்ற மாட்டார், மண் சிந்தும் என்பார். என் மல்லித் தொட்டியும் துளசியும் ஒவ்வொரு முறையும் ஆட்டோவில்தான் வந்தன, அதற்குத் தனியாக 200. புது வீட்டுக்காரரிடம் நம் குடும்பக் கதையெல்லாம் பேசிவிடுவார். அட்வான்ஸ் எவ்வளவு என்று அவரே கேட்டு, "ஜாஸ்தி சார்" என்று அந்த வீட்டு ஓனரிடமே சொன்னதும் உண்டு. எனக்கு அப்போது தலையைத் தூக்க முடியவில்லை. ஆயிரம் ரூபாய் குறைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வழக்கமெல்லாம் தெரிந்தவர். சாமி படம், உப்பு, மஞ்சள், நிறைகுடம் இவை முன் சீட்டில் என் கையில்தான் வரும், அவற்றின் மேல் பையன்கள் கை படாது. பழைய துடைப்பத்தை வண்டியில் ஏற்றவே மாட்டார், நான் மறைத்து வைத்திருந்தாலும் கண்டுபிடித்து எடுத்துப் போட்டுவிடுவார்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். நேரத்துக்காக ஒன்றும், கண்ணாடிக்காக அரையும் குறைத்திருக்கிறேன். ஒற்றை அறைச் சாமான் மட்டும் இருப்பவர்களுக்கு இவர் தேவையில்லை, ஒரு லோடு ஆட்டோவே போதும். பீரோவும் கட்டிலும் வாஷிங் மெஷினும் சேர்ந்துவிட்ட குடும்பம் என்றால், அதிலும் மலையடிச் சந்துக்கோ தோட்டப்பாளையம் பக்கமோ போவதென்றால் இவரை விட்டால் எனக்கு வேறு ஆள் தெரியாது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே கூப்பிட்டு வீட்டைக் காட்டிவிடுங்கள், பார்த்துவிட்டுப் போவதற்குக் காசு வாங்குவதில்லை, ஒரு டீ போதும். திங்கட்கிழமை காலையில் மட்டும் கூப்பிட வேண்டாம், அன்றைக்கு மண்டியில் லோடு இருக்கும், போனை எடுக்க மாட்டார்.